பிள்ளை மரக்கறி சாப்பிடத் தோட்டம் மட்டும் போதுமா?

வன்னியில் வீட்டுத்தோட்டத்தைப் பற்றிப் பேசாத கூட்டம் குறைவு. முன்பள்ளிப் பெற்றோர் கூட்டமோ மாதர் சங்கமோ கிளினிக் நாளோ, யாராவது ஒருவர் எழும்பி, "வளவுக்குள்ள நாலு கத்தரி, நாலு வெண்டி வையுங்கோ, பிள்ளையள் சத்தாச் சாப்பிடுவினம்" என்று சொல்லிவிடுவார். விதைப் பைக்கற்றும் கையில் வரும். கத்தரி காய்க்கும். கொஞ்சம் சந்தைக்குப் போகும், மிச்சத்தைப் பெரியவர்கள் சாப்பிடுவார்கள். பிள்ளை வழக்கம்போலச் சோற்றில் சொதியை விட்டுப் பிசைந்து, பொரித்த மீனோடு நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடும்.

அப்புறம் இரண்டு பேச்சுத்தான் மிஞ்சும். "என்ர பிள்ளைக்கு மரக்கறி பிடிக்காது" என்பது ஒன்று. "தோட்டம் செய்தும் ஒரு பிரயோசனமும் இல்லை" என்பது மற்றது. இரண்டுமே அவசரப்பட்ட முடிவுகள். செடிக்கும் பிள்ளையின் நாக்குக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று யாரும் பொறுமையாகச் சொல்லாததால் வந்தவை. அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பிள்ளை ஏன் "வேண்டாம்" என்கிறது?

வீட்டுக்கு முன்பின் தெரியாத ஒருவர் வருகிறார். மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். வந்தவர் நல்லவர், இனிப்பும் கொண்டு வந்திருக்கிறார் என்று நாம் எவ்வளவு சொன்னாலும் கிட்டப் போகாது. இழுத்துக்கொண்டுபோய் அவர் மடியில் இருத்தினால் வீடே அதிரக் கத்தும். அதே ஆள் கிழமைக்கு ஒருக்கால் வந்து, பிள்ளையைத் தொந்தரவு செய்யாமல் இருந்து கதைத்துவிட்டுப் போனால், ஐந்தாறு தரத்துக்குப் பிறகு பிள்ளை தானாகவே கிட்ட வரும். அவரைப் பற்றிய விளக்கத்தைக் கேட்டு வருவதில்லை, பழகியதால் வருகிறது.

கோப்பையில் கிடக்கும் முருங்கையிலை வறையும் பிள்ளைக்கு அப்படி வந்த ஆள்தான். பழக்கமில்லாத உணவைக் கண்டதும் பின்வாங்கும் இந்த இயல்பைப் புதுஉணவு அச்சம் என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளில் இது இரண்டு வயதளவில் தலைகாட்டி, ஐந்தாறு வயது வரை பலமாக இருந்து, பிறகு மெல்லத் தணியும். தானாக நடந்து திரிந்து கண்டதையும் வாயில் போடக்கூடிய வயதும் இதுதான் என்பதைக் கவனியுங்கள். தெரியாத இலையையும் காயையும் தின்னாமல் பிள்ளையைக் காப்பாற்ற இயற்கை வைத்த காவல் இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே, ஒரு வயதில் எல்லாவற்றையும் சாப்பிட்ட பிள்ளை இரண்டரை வயதில் கீரையைத் துப்பினால் அது பிடிவாதமோ உங்கள் வளர்ப்பின் குறையோ இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பிறக்கும்போதே பிள்ளைக்கு இனிப்புப் பிடிக்கும், கைப்புப் பிடிக்காது. தாய்ப்பால் இனிப்பு, நஞ்சுள்ள செடிகளில் பல கைப்பு. பூசணிக்காயும் வத்தாளங்கிழங்கும் சுலபமாக உள்ளே போவதற்கும், பாகலும் முருங்கையிலையும் வாசலில் நிற்பதற்கும் காரணம் இதுதான். சில பிள்ளைகளுக்குக் கைப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரியும். அது பரம்பரையில் வருவது. ஒரே வீட்டில் அக்கா பாகற்காய் சாப்பிட, தம்பி அதைக் கண்டாலே ஓடுவது இதனாலும் இருக்கலாம்.

எத்தனை தரம் கொடுக்க வேண்டும்?

1982-இல் லியன் பேர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சக ஆய்வாளரோடு சேர்ந்து, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அவர்கள் முன்பு அறியாத உணவுகளைத் திரும்பத் திரும்ப ருசி பார்க்கக் கொடுத்தார். சிலவற்றை இரண்டு தரம், சிலவற்றை ஐந்து, பத்து, பதினைந்து, இருபது தரம் வரை. எந்த உணவை அதிக தடவை ருசித்தார்களோ அதையே பிள்ளைகள் அதிகம் விரும்பினார்கள். அதன் பிறகு பலர் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஒரு புது மரக்கறியைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து தடவை வரை ருசி பார்க்க வேண்டியிருக்கலாம் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

நம் வீடுகளில் நாம் எத்தனை தரம் கொடுத்துப் பார்க்கிறோம்? பெரும்பாலும் இரண்டு மூன்று தரம். பிறகு "அவனுக்கு அது ஒத்துவராது" என்று நிறுத்திவிடுகிறோம். பிள்ளை ஆளைப் பார்த்துப் பழகத் தொடங்கும் நேரத்தில் நாமே அந்த ஆளை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.

பேர்ச் 1987-இல் செய்த இன்னொரு ஆய்வு நம் விடயத்துக்கு அதைவிட முக்கியம். சில உணவுகளைப் பிள்ளைகள் பார்க்க மட்டும் செய்தார்கள், சிலவற்றை ருசித்தும் பார்த்தார்கள். பார்த்ததால் அந்த உணவின் தோற்றம் பிடித்துப்போனது, ஆனால் ருசி பிடிக்கவில்லை. ருசி பிடிக்க வேண்டுமென்றால் வாயில் வைத்தே ஆக வேண்டும்.

சுருக்கமாக: பிள்ளையின் மறுப்பு இயல்பானது, அது நிரந்தரமில்லை. கண்ணும் கையும் பழகினால் கிட்டப் போகத் துணிவு வரும். நாக்கு பழகினால்தான் விருப்பம் வரும். இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

தோட்டம் செய்யும் வேலை எது?

தோட்டம் முதல் வேலையைச் செய்கிறது. விதை போட்ட பிள்ளை முளை வந்ததா என்று காலையில் போய்ப் பார்க்கும். தண்ணி ஊற்றும், இலையைத் தடவும், பூவைக் காட்டும், காய் என் விரலளவு வந்துவிட்டது என்று வந்து சொல்லும். ஒரு வெண்டிச் செடி காய்க்க ஏறக்குறைய 50 நாள். அந்த 50 நாளும் வெண்டிக்காயோடு பிள்ளைக்குப் பழக்கம் நடக்கிறது, அதுவும் "சாப்பிடு" என்ற சொல் ஒரு தடவைகூட வராமல். கறியாகக் கோப்பைக்கு வரும்போது அது புது ஆள் இல்லை. பிடுங்கும்போதே பச்சையாகக் கடித்துப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு.

ஆனால் தோட்டம் அந்த இடத்தோடு நின்றுவிடும். இங்கிலாந்தில் பள்ளித் தோட்டங்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2014-இல் வெளியானது. தோட்டம் மட்டும் இருப்பதால் பிள்ளைகள் நாளாந்தம் சாப்பிடும் பழமும் மரக்கறியும் கூடியதற்கு அதில் பெரிய சான்று கிடைக்கவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 16 ஆரம்பப் பள்ளிகளில் தோட்டம், சமையல், சத்துணவுப் பாடம் மூன்றையும் சேர்த்து நடத்திப் பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவின்படி மரக்கறி சாப்பிடுவது கூடியது. உடல் பருமனில் மாற்றம் தெரியவில்லை. தோட்டம் எல்லா வியாதியையும் தீர்க்கும் என்று சொல்பவர்களும், தோட்டத்தால் ஒன்றும் ஆகாது என்பவர்களும் இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் நல்லது. செடியிலிருந்து அடுப்படிக்கும் அடுப்படியிலிருந்து நாக்குக்கும் வழி போட்ட இடத்தில் பலன் வந்திருக்கிறது.

ஆகவே நம் முன்பள்ளிகளில் நடப்பதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. பல இடங்களில் பாத்தி கட்டுவது பெற்றோர், தண்ணி விடுவது பொறுப்பான அக்கா, அறுவடை விற்பனைக்கு. பிள்ளைகள் படம் எடுக்கும் அன்று பாத்தியருகே நிற்பார்கள். அது நல்ல தோட்டமாக இருக்கலாம், பிள்ளையின் சாப்பாட்டுக்கு அதனால் ஒன்றும் நடக்காது. பாத்தி கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, விதை ஆழமாகப் போய்ப் பாதி முளைக்காவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையின் கை மண்ணில் பட வேண்டும், பிடுங்கியது அன்றைக்கே சட்டியில் ஏற வேண்டும்.

சின்னவர்களுக்குப் பொறுமை குறைவு, எனவே கெதியாக வருவதை முதலில் போடுங்கள். பயற்றை ஈரத்துணியில் கட்டி வைத்தால் இரண்டு நாளில் முளை வந்துவிடும். முளைக்கீரை மூன்று நான்கு கிழமையில் பிடுங்கலாம். பிறகு வெண்டி, பயிற்றங்காய், அதன் பிறகு கத்தரி. வேலியோரத்தில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றிவிட்டால் அது தன்பாட்டில் வளரும்.

இனி அடுப்படி

உண்மையான வேலை நடக்கும் இடம் இது. இங்கேதான் பெரும்பாலான பிழைகளும் நடக்கின்றன.

முதலாவது, அளவு. புது மரக்கறியைக் கரண்டி கரண்டியாகக் கோப்பையில் குவிக்காதீர்கள். ஒரு பயிற்றங்காய்த் துண்டு, ஒரு விரல்நுனி வறை போதும். பக்கத்தில் பிள்ளைக்கு நன்றாகப் பழகிய ஒன்று இருக்கட்டும், பருப்போ சொதியோ முட்டையோ. முருங்கையிலையை முட்டையோடு வறுத்தால் கைப்பு அடங்கும். தேங்காய்ப்பூப் போட்ட வறையும், தேங்காய்ப்பால் விட்ட கீரையும் அதே வேலையைச் செய்யும். நம் சமையலிலேயே இந்த வித்தை இருக்கிறது, புதிதாக எதையும் படிக்கத் தேவையில்லை.

இரண்டாவது, வற்புறுத்தல். "இந்த வாய் அம்மாவுக்கு, இந்த வாய் அப்பாவுக்கு" என்பதில் தொடங்கி தடி எடுப்பது வரை போகிறது. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றை வைத்துவிட்டு முடிக்கும்படி திரும்பத் திரும்பச் சொன்னார்கள், மற்றதை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். வற்புறுத்தாத சூப்பைத்தான் பிள்ளைகள் கூடுதலாகக் குடித்தார்கள், குறைவாகக் குறை சொன்னார்கள். பசியையும் இழப்பையும் கண்ட மண் இது. கோப்பையில் சோறு மிஞ்சினால் ஒரு அம்மம்மாவுக்கு நெஞ்சு பதறுவது ஏன் என்று எனக்கு விளங்குகிறது. அந்தப் பதற்றம் அன்பில் வருவது. ஆனாலும் அது கையில் வந்து திணிப்பாக மாறும்போது பிள்ளைக்கு உணவு என்றாலே சண்டை என்றாகிவிடுகிறது.

மூன்றாவது, இலஞ்சம். "கீரையைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்றால் பிள்ளை இரண்டு விடயம் படிக்கிறது. கீரை கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலை. ஐஸ்கிரீம்தான் பரிசு. அன்றைக்குக் கீரை உள்ளே போகும், விருப்பம் வெளியே போகும்.

அப்படியென்றால் பெரியவர்களின் பங்கு என்ன? என்ன சமைப்பது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, எங்கே இருந்து சாப்பிடுவது என்பதெல்லாம் உங்கள் முடிவு. அதில் பிள்ளைக்கு வாக்கு இல்லை. வைத்ததில் எதைத் தொடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு. தொடாவிட்டால் திட்டாமல் எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்ப வையுங்கள். இடையில் பிஸ்கற்றும் பணிஸும் கொடுக்காமல் இருந்தால்தான் இது சரிவரும். பத்தரை மணிக்குப் பைக்கற் உடைத்த பிள்ளைக்குப் பன்னிரண்டரைக்கு எதுவும் ருசிக்காது. அதோடு, நீங்களும் அதே மரக்கறியை அதே பாயில் இருந்து சாப்பிட வேண்டும். அப்பா கீரையை ஒதுக்கி வைக்கும் வீட்டில் மகன் சாப்பிடுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்தப் பழக்கம் கோப்பைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2001-இல் ஜூலி மெனெல்லாவும் அவரது குழுவினரும் செய்த ஆய்வில், கர்ப்பகாலத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ கரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கரட் ருசியுள்ள உணவைக் கொடுத்தபோது முகம் சுளிப்பது குறைவாக இருந்தது. தாய் சாப்பிடுவதன் ருசி கருப்பையின் நீரிலும் பாலிலும் கலக்கிறது. கர்ப்பிணியின் கோப்பையில் இலைக்கறி இருப்பது இரண்டு பேருக்கான முதலீடு.

சுருக்கமாக: கொஞ்சமாக, அடிக்கடி, வற்புறுத்தாமல், எல்லோரும் சேர்ந்திருந்து. தோட்டம் அந்த மரக்கறியைப் பிள்ளைக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்தி வைத்திருக்கும்.

சத்தைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது?

"இதில் இரும்புச்சத்து இருக்கு, சாப்பிடு" என்பதால் நாலு வயதுப் பிள்ளைக்கு எதுவும் ஆகாது. அந்த வயதுக்கு நிறம், மணம், மொறுமொறுப்பு, யார் நட்டது என்ற கதை இவை போதும். எட்டு ஒன்பது வயதுக்குப் பிறகு சத்தைப் பற்றிப் பேசலாம். பெற்றோருக்கு அது இப்போதே தேவை.

வயிறு நிறைந்தும் உடலுக்கு வேண்டிய இரும்பு, விற்றமின் போன்ற சிறிதளவே தேவைப்படும் சத்துகள் கிடைக்காமல் இருப்பதை மறைபசி என்பார்கள். சோறும் சொதியும் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு இது வரலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், களைத்துப்போகும், வகுப்பில் கவனம் நிற்காது. ரின்னில் வரும் விலையான சத்து மாதான் இதற்கு மருந்து என்று நினைத்துக் கடனுக்கு வாங்கும் வீடுகள் உண்டு. அந்தக் காசுக்கு முட்டையும் நெத்தலியும் பயறும் வாங்குவது எவ்வளவோ மேல்.

தோட்டத்திலிருந்து வருவதை உடலில் சேர்க்கச் சில சின்ன விடயங்கள் தெரிந்தால் போதும். கீரையிலும் பயறு, கௌபி, குரக்கன் போன்றவற்றிலும் உள்ள இரும்பு, மீன் இறைச்சியில் உள்ளதுபோல் சுலபமாக உடலில் சேராது. விற்றமின் சி கூட இருந்தால் நன்றாகச் சேரும். வறையை இறக்கியபின் தேசிக்காய் பிழிவது, சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாப்பழம் கொடுப்பது இதற்காகத்தான். கொய்யாவில் தோடம்பழத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விற்றமின் சி இருக்கிறது. தேநீர் இதற்கு நேர்மாறு, இரும்பைச் சேரவிடாது. சாப்பாட்டோடு பிள்ளைக்குப் பிளேன்ரீ கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினாலே பாதி வெற்றி. பூசணி, பப்பாசி, கீரை ஆகியவற்றிலிருந்து உடல் விற்றமின் ஏ எடுக்கக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், அதைத் தேங்காய்ப்பால் கொடுத்துவிடும்.

கடைப் போத்தல் பானங்களைப் பற்றிப் பெரிய பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சுலபமான வழி இருக்கிறது. இலங்கையில் 2016 முதல் அவற்றில் சீனியின் அளவுக்கு நிறக் குறியீடு போட வேண்டும். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் போத்தலுக்கு அது 44 கிராமைத் தாண்டும், தேக்கரண்டியால் பதினொன்று. பிள்ளையைக் கொண்டே பதினொரு கரண்டி சீனியை ஒரு கிளாசில் போடச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலப் பேச்சைவிட அது நன்றாகப் பதியும்.

வன்னியில் எப்போது, எங்கே?

மாரி மழை ஒக்ரோபரில் தொடங்குவதால், பிள்ளைகளின் பாத்திக்கு அதுவே நல்ல காலம். பெருமழைக்கு விதை அழுகாமல் பாத்தியை உயர்த்திக் கட்டுங்கள். கோடையில் கிணற்று நீர் இறங்கிவிடும். அப்போது பிள்ளைகளிடம் பெரிய தோட்டத்தைக் கொடுத்தால் எல்லாம் வாடி அவர்கள் மனமும் வாடும். குளிக்கும் தண்ணி ஓடும் இடத்தில் வாழையும் பப்பாசியும், நிழலில் இரண்டு உரப்பையில் பொன்னாங்காணியும் வல்லாரையும் போதும். கோடையில் பாலைப்பழக் காலமும் வருகிறது. காட்டிலிருந்து வருவதும் பிள்ளைக்கு உணவுப் பாடம்தான்.

குரங்கும் மயிலும் பங்கு கேட்டு வரும். அதற்கு வலை கட்டலாம், எல்லாவற்றையும் தடுக்க முடியாது, கொஞ்சம் கூடவே நடுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் தளர்வு வேண்டாம். வளவைத் தாண்டிப் பற்றைக்காட்டைப் புதிதாகத் திருத்தும்போது, கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலம் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் பிள்ளையை மட்டுமல்ல, மண்வெட்டியையும் வைக்காதீர்கள். மண்ணில் வேலை செய்யும்போது செருப்பு போட வேண்டும். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாக உள்ளே போய்க் குடலில் இரத்தத்தைக் குடிக்கும். கீரை தின்று சேர்த்த இரும்பு அதன் வாய்க்குப் போய்விடும். பிள்ளைகள் பிடுங்கிக் கடிக்கும் பாத்திக்கு நஞ்சு மருந்து அடிக்கவே கூடாது. கேட்காமல் எந்த இலையையும் காயையும் வாயில் வைக்கக் கூடாது என்பது தோட்டத்தின் முதல் சட்டமாக இருக்கட்டும். பச்சை மரவள்ளிக்கிழங்கில் நஞ்சு இருக்கிறது, ஊமத்தை வேலியிலேயே நிற்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கச்சானை முழுதாகக் கொடுக்காமல் இடித்துக் கொடுங்கள், தொண்டையில் அடைத்துவிடும்.

பழக்கத்தால் தீராதவை

பிள்ளை விளையாடுகிறது, வளர்ச்சி அட்டையில் கோடு ஒழுங்காக ஏறுகிறது என்றால் மரக்கறியை ஒதுக்குவது பொறுமையால் தீரும். கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, கீழ் இமையின் உட்பக்கம் வெளிறியிருந்தாலோ, பிள்ளை மண் தின்றாலோ, பொழுதுபட்டதும் பார்வை தடுமாறினாலோ, சாப்பிடும் உணவு வகைகள் வரவரக் குறைந்து மூன்று நான்கில் வந்து நின்றாலோ, வீட்டில் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். நிறை குறைந்த சின்னப் பிள்ளைக்குத் திரிபோஷா என்ற அரச சத்துமா கிளினிக் மூலம் கிடைக்கும். குருதிச்சோகை உள்ள பிள்ளைக்குப் பசியே எடுக்காமல் இருக்கலாம். அதற்கு இரும்பு மருந்தோ பூச்சி மருந்தோ கொடுத்துப் பசி திரும்பிய பிறகுதான் பாத்தியும் வறையும் வேலை செய்யத் தொடங்கும்.